போர்ச்சுகலில் ஊர் ஊராகப் போகும்போது எங்கே சாப்பிடுவது?

போர்ச்சுகலுக்கு வந்த புதிதில் நம் ஆட்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: வீட்டில் சோறும் பருப்பும், வெளியூர் போனால் கைபேசியைத் திறந்து இந்தியச் சாப்பாடு எங்கே என்று தேடி, லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் அதே பட்டர் சிக்கனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. நானும் அப்படித்தான் ஒரு வருடம் ஓட்டினேன். இந்த நாட்டுச் சாப்பாடு காரமே இல்லாமல் சப்பென்று இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன், ஆனால் அது பாதிதான் உண்மை.

நீங்கள் தேட வேண்டியது 'தாஷ்கா'. குடும்பமாக நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடை. பத்துப் பன்னிரண்டு மேசை, மேலே காகித விரிப்பு, மூலையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். வாசல் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அன்றைய சாப்பாடு என்ன என்று கையால் எழுதி. அதற்குப் பெயர் 'பிராட்டு டு தியா'. அந்தத் தாள்தான் நமக்கு முக்கியம். கடைக்குள் ஐந்து மொழியில் படம் போட்ட மெனு அட்டை இருக்கிறதா, வாசலில் ஒருவர் நின்று "ஹலோ மை ஃபிரெண்ட்" என்று கூப்பிடுகிறாரா, நிற்காமல் நடந்துவிடுங்கள். லிஸ்பனின் பைஷா பகுதியிலும் போர்ட்டோ ஆற்றங்கரை ரிபெய்ராவிலும் இது நிறைய. அங்கே நல்ல கடையே இல்லை என்று சொல்லவில்லை, புதிதாக வந்தவருக்கு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், அவ்வளவுதான். லிஸ்பனில் கம்ப்பு த ஓரிக், அல்வலாத், பென்ஃபிக்கா மாதிரி ஜனங்கள் குடியிருக்கும் பகுதிகளுக்குப் போங்கள்.

நட்சத்திர மதிப்பெண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை, ஏனென்றால் அதைப் போடுகிறவர்களில் பாதிப்பேர் நம்மைப் போல வந்து போகிறவர்கள். அதைவிட நம்பகமான வழி, மதியம் பன்னிரண்டே முக்காலுக்குத் தெருவில் இறங்கி, கட்டட வேலைக்காரர்களும் வங்கி ஊழியர்களும் எந்தக் கதவுக்குள் நுழைகிறார்கள் என்று பார்ப்பதுதான். ஊர் பார்க்கப் போகும் நாளில் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்கு அல்ல. பல தாஷ்காக்கள் ராத்திரி திறப்பதே இல்லை, அன்றைய சாப்பாட்டுத் தாளும் பெரும்பாலும் மதியத்துக்குத்தான். விலை பெரும்பாலும் பத்து யூரோவை ஒட்டி இருக்கும், சில இடங்களில் சூப்பும் குடிக்க ஏதாவதும் காபியும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டரைக்கு மேல் போனால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஞாயிறு மூடும் கடைகள் நிறைய, ஆகஸ்டில் விடுமுறை என்று தாள் ஒட்டிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சில நேரம் சீஸ் வந்து இறங்கும். அக்கா மகன் முதல் தடவை வந்தபோது, "மாமா, நல்ல மனுஷங்க, ஓசியிலேயே கொடுக்கிறாங்க!" என்று தட்டைக் காலி செய்துவிட்டான். ஓசி இல்லை, அது 'கூவேர்', தொட்டால் காசு. ஆனால் நீங்கள் கேட்காமல் வைத்ததை, தொடாமல் விட்டிருந்தால், பில்லில் போடக் கூடாது என்று 2015 முதல் நடப்பில் உள்ள சட்டம் சொல்கிறது. வேண்டாமென்றால் வந்த உடனே "நாவ், ஒப்ரிகாடு" என்று தள்ளி வையுங்கள் (பெண்கள் ஒப்ரிகாடா என்பார்கள்), யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ரொட்டிக்கு அவர்கள் சொல்லும் சொல்தான் இலங்கைத் தமிழர் வாயில் 'பாண்' ஆனது, 'மேசா'தான் நம் மேசை. வார்த்தை கொடுத்தவர்கள் ஊரிலேயே பாணுக்குக் காசு கொடுக்கிறோம், சரி போகட்டும்.

மெனுவில் 'தோஸ்' என்று பார்த்ததும் தோசை ஞாபகம் வரும். முழு அளவு என்று அர்த்தம், பல இடங்களில் இரண்டு பேருக்குப் போதும். தனியாக இருந்தால் 'மெய்யா தோஸ்', அரை அளவு, கேளுங்கள்.

என்ன சாப்பிடுவது என்பதில் ஒரே விதிதான் வைத்திருக்கிறேன்: எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர்ச் சாப்பாடு. செதுபாலுக்குப் போனால் பொரித்த கணவாய், ஷோக்கு ஃப்ரீட்டு, எலுமிச்சை பிழிந்து. எவுராவுக்குப் போனால் அசோர்டா கேளுங்கள்: பூண்டும் பச்சைக் கொத்தமல்லியும் இடித்துப் போட்ட சூடான நீர், அதில் ஊறிய பழைய ரொட்டி, மேலே வேகவைத்த முட்டை. எவுரா இருக்கும் அலென்டெஜு பகுதிக்காரர்கள் கொத்தமல்லியை நம்மைப் போலவே அள்ளிப் போடுவார்கள், முதல் கரண்டியிலேயே எனக்கு ரசத்தின் வாசம் வந்தது. போர்ட்டோவில் மீன் வேண்டுமென்றால் மெட்ரோவின் நீலத் தடத்தில் மாட்டோசின்யூஷ் வரை போங்கள். கடை வாசலிலேயே கரி அடுப்பு வைத்துச் சுடுகிற தெரு ஒன்று அங்கே இருக்கிறது, வழி கேட்கத் தேவையில்லை, புகையே கூட்டிப்போகும். மத்தி ஜூன் மாதம் தொடங்கி கோடை முடியும்வரைதான் கொழுப்போடு இருக்கும், குளிர்காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் உறைய வைத்தது. திங்கள்கிழமை மீனைத் தவிருங்கள், ஞாயிறு பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போகாது.

மீன் கடையில் ஒரு எச்சரிக்கை. பெரிய மீனுக்கு மெனுவில் போட்டிருப்பது கிலோ விலை. நான் அதைத் தட்டு விலை என்று நினைத்து ஒரு கடையில் இரண்டு பேருக்குக் கொடுத்த காசில் ஒரு வாரத்துக்கு மளிகை வாங்கியிருக்கலாம். சுடுவதற்கு முன்னால் எடை போட்டு விலை சொல்லச் சொல்லுங்கள், எல்லாரும் கேட்பதுதான்.

பக்கல்யாவ் பற்றிப் பயம் வேண்டாம். உப்பிட்டு உலர்த்திய காட் மீன், கருவாட்டுக் குடும்பம், ஆனால் ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுவதால் வாசனை அடங்கிவிடும். உருளைக்கிழங்குச் சீவலும் முட்டையும் சேர்த்துக் கிளறிய 'ஆ பிராஷ்' வகையில் தொடங்குங்கள், கிட்டத்தட்ட பொடிமாஸ் மாதிரி இருக்கும்.

மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் ஜாக்கிரதை. போர்ட்டோவின் ஃப்ரான்செசீன்யா என்ற சாண்ட்விச்சில் இரண்டும் அடுக்கியிருக்கும். கால்டு வேர்டு என்ற கீரை சூப் பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், உள்ளே ஒரு துண்டு பன்றிச் சாசேஜ் மிதக்கும். "லேவா கார்ன?", இறைச்சி உண்டா என்று கேளுங்கள், ஆனால் மீனை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் சைவக்காரர்கள் "நெம் பெய்ஷ்" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், தாஷ்காவில் சைவக்காரர்களுக்கு ஆம்லெட்டும் சாலட்டும் தாண்டி அதிகம் கிடைக்காது. குழந்தைகளோடு போனால் ஷுர்ராஷ்கெய்ரா, கரியில் சுட்ட கோழிக் கடை. காரத்துக்கு பிரிபிரி எண்ணெய் கேட்டு வாங்குங்கள், அது நிஜமாகவே உறைக்கும்.

காசு கொடுக்கும்போது இரண்டு விஷயம். சில சின்னக் கடைகளில் உள்ளூர் மல்ட்டிபாங்கு அட்டை மட்டும்தான் செல்லும், வெளிநாட்டு அட்டை ஓடாது, ரொக்கமும் வைத்திருங்கள். அப்புறம் "கொன்ட்ரிபுயின்ட்?" என்று கேட்பார்கள். உங்கள் ஒன்பது இலக்க வரி எண்ணைக் கேட்கிறார்கள். இங்கே குடியேறி வரி கட்டுகிறவர் என்றால் சும்மா தலையாட்டிவிட்டு வராதீர்கள்: உணவகப் பில்லில் கட்டும் மதிப்புக் கூட்டு வரியில் 15 சதவீதம், வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 250 யூரோ என்ற உச்சவரம்புக்குள், வருமான வரியில் கழியும். எண்களைப் போர்ச்சுகீஸில் சொல்ல வரவில்லை என்றால் கைபேசியில் எழுதிக் காட்டுங்கள், நான் இரண்டு வருடம் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.