டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தோம், முட்கள் கூடின: இந்த ஒரு வரியில் எத்தனை தவறு

ஆண் எலியின் விரைகளை நீக்கினால் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸின் சி.ஏ.1 என்ற உட்பகுதியில் முள் சினாப்ஸ்கள் ஏறக்குறையப் பாதியாகின்றன. முள் என்பது நியூரானின் கிளையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனைப்பு; முள் சினாப்ஸ் என்பது அதில் இன்னொரு நியூரான் வந்து சேரும் இணைப்பு. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் திரும்ப வருகின்றன. ஹார்மோன் மூளையை மாற்றுவதை ஆராயும் இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் இதைத்தான் முதலில் செய்து பார்க்கிறார்கள். லேபிள் மாறுவது, சாயம் பிடிக்காமல் போவது எல்லாம் தானே தெரிந்துவிடும். முடிவையே கெடுத்துவிட்டு வெளியில் தெரியாமல் இருப்பவைதான் ஆபத்து.

டெஸ்டோஸ்டிரோனை ஒரே ஹார்மோனாக நினைப்பது

மாதக்கணக்கான உழைப்பை வீணாக்குவது இதுதான்; இன்னமும் எரிச்சலூட்டுவதும் இதுதான். விரை நீக்கிய எலிகளில் ஒரு குழுவுக்குத் தோலடியில் வெற்றுச் சிலிக்கோன் குழாய், இன்னொரு குழுவுக்கு டெஸ்டோஸ்டிரோன் நிரப்பிய குழாய். இரண்டாவதில் முட்கள் அதிகம். உடனே "ஆண்ட்ரோஜன் ஏற்பி வழியாக" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சோதனை அதைச் சொல்லவே இல்லை.

மூளைக்குள் நுழையும் டெஸ்டோஸ்டிரோனை அரோமடேஸ் நொதி எஸ்ட்ராடையாலாக மாற்றும். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக, அதாவது டி.எச்.டி.யாக மாற்றும். முன்னது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் அமரும், பின்னது ஆண்ட்ரோஜன் ஏற்பியில். எந்த வழி முள்ளை வளர்த்தது என்பதுதானே கேள்வி? அதற்குக் குறைந்தது ஐந்து குழுக்கள் வேண்டும்: விரையை நீக்காமல் அறுவை மட்டும் செய்த போலி அறுவைக் குழு; விரை நீக்கி வெற்றுக் குழாய்; விரை நீக்கி டெஸ்டோஸ்டிரோன்; விரை நீக்கி டி.எச்.டி.; விரை நீக்கி எஸ்ட்ராடையால். டெஸ்டோஸ்டிரோனுடன் அரோமடேஸைத் தடுக்கும் லெட்ரோசோலும் கொடுக்கும் குழு ஆறாவதாக இருந்தால் இன்னும் நல்லது. 2003இல் இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, வளர்ந்த ஆண் எலியின் சி.ஏ.1இல் டி.எச்.டி. சினாப்ஸ்களை மீட்டது, எஸ்ட்ராடையால் மீட்கவில்லை. பெண் எலியில் அதே பகுதியில் எஸ்ட்ராடையால் முட்களைக் கூட்டுகிறது. இரண்டு குழுக்களோடு நின்றிருந்தால் இந்த வேறுபாடு தெரிந்தே இருக்காது.

இரத்தத்தில் எஸ்ட்ராடையால் குறைவு என்று அதை ஒதுக்கவும் கூடாது. மாற்றம் நடப்பது மூளைத் திசுவுக்குள்ளேயே. டி.எச்.டி.யும் முழுக்கத் தூய சான்று அல்ல. அதன் சிதைபொருள் ஒன்று ஈஸ்ட்ரோஜன் பீட்டா ஏற்பியில் ஒட்டும்.

கொடுத்த ஹார்மோன் அளவு சரியா என்பதற்கு எளிய சோதனை உண்டு: இறுதியில் விந்துப்பையை எடுத்து எடை பாருங்கள். போலி அறுவை எலியைவிட மிகப் பெரிதாக இருந்தால், நீங்கள் மீட்டது இயல்பு நிலையை அல்ல, மிகை அளவை. சிலிக்கோன் குழாயைப் பொருத்தும் முன் ஒரு நாள் உப்புக்கரைசலில் ஊறவைக்காவிட்டால் தொடக்கத்தில் ஹார்மோன் குபீரென்று வெளியேறும்.

குட்டியின் விதியை வளர்ந்த எலிக்குப் பொருத்துவது

புதிதாகப் பிறந்த ஆண் குட்டியின் மூளையில், பாலியல் நடத்தையோடு தொடர்புடைய ப்ரீஆப்டிக் பகுதியில் எஸ்ட்ராடையால்தான் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற சமிக்ஞைப் பொருளைத் தூண்டி முட்களைப் பெருக்குகிறது. வளர்ந்த ஆண் எலியின் சி.ஏ.1இல் கண்டதற்கு இது நேர்மாறு. வயதையும் பகுதியையும் சொல்லாமல் "ஹார்மோன் முட்களைக் கூட்டும்" என்று எழுதினால் அதில் பொருளே இல்லை.

அவசரம்

விரை நீக்கிய ஓரிரு நாளில் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு சரிந்துவிடும். மூளையின் அமைப்பு எல்லாப் பகுதிகளிலும் அந்த வேகத்தில் மாறாது. நடு அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் சுருக்கத்தைப் பார்க்க சுமார் 4 வாரம் விடுங்கள்.

எண்ணும்போது

சில நியூரான்களை மட்டும் முழுதாகக் கறுப்பாகக் காட்டும் கோல்ஜி சாயத்தில், கிளைக்குப் பின்னால் நிற்கும் முட்கள் தெரியாது. ஹார்மோன் கிளையைத் தடிக்கச் செய்தால் மறையும் முட்களும் கூடும், அடர்த்தி குறைந்தது போலத் தோன்றும். ஆகவே கிளையின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். நியூரானின் உச்சியிலிருந்து எழும் உச்சிக்கிளையை, அடியிலிருந்து பிரியும் அடிக்கிளையோடு கலக்காதீர்கள். எந்தக் குழு என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. முள் இருப்பதாலேயே அங்கே சினாப்ஸ் இருப்பதாகாது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

மாதிரி எண்ணிக்கை

6 எலிகளில் 60 நியூரான்கள் என்றால் புள்ளியியல் கணக்கில் மாதிரி எண்ணிக்கை 6தான், 60 அல்ல.

தீவனம்

சோயா கலந்தது வேண்டாம். அதில் ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் தாவரப் பொருள்கள் இருக்கின்றன.