சத்தம் உண்டு, ஓட்டம் இல்லை: மலை ஏரியில் மோட்டார் படகைச் சோதிப்பது எப்படி

"அண்ணே, போட் போகமாட்டேங்குது." ஊட்டியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் போன்களில் மாதத்துக்கு ரெண்டாவது இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "இன்ஜின் சத்தம் எப்படி இருக்கு?"

பெரும்பாலோர் இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். படகு போகவில்லை என்ற பதற்றத்தில் காதை யாரும் தீட்டி வைப்பதில்லை. ஆனால் பாதி வேலை அந்தப் பதிலில்தான் இருக்கிறது. இன்ஜின் வீறிட்டுக் கத்துகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். கோளாறு அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிறது. இன்ஜின் முக்கி முனகுகிறது, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருப்பியும் சத்தம் ஏறவில்லை என்றால் சுமை அதிகம், இல்லை சக்தி குறைவு. கொஞ்ச தூரம் நன்றாகப் போய் அப்புறம் அணைகிறது என்றால் முதலில் பெட்ரோல் டேங்க்கைப் பாருங்கள்.

நான் தொழில் கற்றது தூத்துக்குடி கரையில். நாட்டுப்படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கல்யாணமாகி மலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பிழைப்பு பைக் ரிப்பேரில் ஓடுகிறது. தனியார் படகு வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் டூல்ஸ் பையோடு போய்விடுவேன். கீழே எழுதுவதெல்லாம் பின்பக்கம் மாட்டும் சின்ன, நடுத்தர அவுட்போர்டுகளுக்குத்தான்.

கை வைப்பதற்கு முன் ஒன்று. சாவியை எடுங்கள், இன்ஜினைச் சட்டென்று அணைக்கும் கில் ஸ்விட்ச்சின் கயிற்றைக் கழற்றுங்கள், ஸ்பார்க் பிளக் கேப்பையும் பிடுங்கி ஓரமாக வையுங்கள். கியரில் இருக்கும் மோட்டாரில், தண்ணீரைத் தள்ளும் விசிறியான ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றும். பிளக் மாட்டியிருந்தால் அது ஒரு தடவை வெடித்தாலே போதும், விரல் போய்விடும்.

இன்ஜின் கத்துகிறது, படகு நிற்கிறது

மோட்டாரை மேலே தூக்கி ப்ரொப்பல்லரைப் பாருங்கள். இங்குள்ள ஏரிகளில் நான் அதிகம் பிடுங்கியது ஆகாயத்தாமரை வேரும் நீர்ப்பாசியும்தான். சுற்றிக்கொண்டால் இதழ் தண்ணீரைத் தள்ளாது, களையைத்தான் உருட்டிக்கொண்டிருக்கும். பாதி வழியில் சிக்கியதாகத் தோன்றினால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து நியூட்ரலுக்கு வந்து, ஒரு நிமிஷம் ரிவர்ஸில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பாதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

களையைவிட மோசமானது தூண்டில் நரம்பு. கரையில் மீன் பிடிப்பவர்கள் அறுத்துவிட்டுப் போகும் நைலான் நரம்பு ப்ரொப்பல்லருக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை ரம்பம் மாதிரி அறுத்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மெல்ல கியர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ப்ரொப்பல்லரைக் கழற்றி அந்த இடத்தைப் பாருங்கள். கியர் ஆயிலைச் சோதிக்க, மோட்டாரை ஒரு ராத்திரி நேராக நிற்க விட்டு, காலையில் கீழ் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் பால் விட்ட காபி மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது. ஸ்க்ரூவில் மை போல ஒட்டியிருக்கும் இரும்புத் தூளுக்குப் பயப்பட வேண்டாம். சில்லுசில்லாக வந்தால் பல்சக்கரம் உடைந்துகொண்டிருக்கிறது. திரும்ப நிரப்பும்போது கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழியும்வரை விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

ப்ரொப்பல்லர் சுத்தமாக இருக்கிறது, இதழ்களும் முழுசாக இருக்கின்றன, ஆனாலும் ஓட்டம் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ப்ரொப்பல்லரின் நடுவில், ஷாஃப்ட்டைப் பிடிக்கும் உலோகக் குழாய்க்கும் வெளி உருளைக்கும் நடுவே ஒரு ரப்பர் புஷ் அழுத்தி வைத்திருப்பார்கள். கல்லிலோ கட்டையிலோ மோதினால் பல்சக்கரம் தப்பிக்கட்டும் என்று அது வழுக்கிக்கொடுக்கும். ஒரு தடவை நன்றாக வழுக்கிய ரப்பர் அப்புறம் அடிக்கடி வழுக்கும். அடையாளம் இதுதான்: மெதுவாகப் போனால் படகு சமத்தாகப் போகும், ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் இன்ஜின் மட்டும் ரேஸ் ஆகும். கையால் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கை பலத்துக்கு அந்த ரப்பர் வழுக்காது. அதனால் நான் செய்வது: மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து, உள் குழாயிலிருந்து ரப்பர் வழியாக வெளி உருளைவரை ஒரே நேர்கோடு போட்டுக் காயவிடுவேன். ஒரு ரவுண்டு வேகமாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் காலி. கேள்விக்கே இடமில்லை. புஷ்ஷை மாற்றும் வரை மெதுவாக ஓட்டிக் கரை சேரலாம்.

ரொம்பச் சின்ன மோட்டார்களில் ரப்பருக்குப் பதிலாக ஷியர் பின் இருக்கும். மோதினால் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றும். கோடையில் அணைத் தண்ணீர் இறங்கும்போது, மழைக்காலத்தில் நாலடி ஆழத்தில் கிடந்த மரக்கட்டை அரை அடிக்கு வந்துவிடும். பின் உடையும் சீசனே அதுதான். ரெண்டு உதிரி பின், ப்ரொப்பல்லர் கழலாமல் பூட்டும் காட்டர் பின் ரெண்டு, ஒரு கட்டிங் பிளேயர் எப்போதும் படகில் இருக்கட்டும். ஒருத்தர் அவசரத்துக்கு இரும்பு ஆணியை வெட்டிச் சொருகியிருந்தார். கெட்டிக்காரத்தனம்தான். அடுத்த கட்டையில் ஆணி உடையவில்லை, கியர் உடைந்தது.

இன்னொரு வகை ரேஸ் இருக்கிறது: திரும்பும்போது மட்டும், இல்லை ஆட்கள் முன்னால் நகரும்போது மட்டும். இது ரிப்பேரே இல்லை. ப்ரொப்பல்லர் மேலிருந்து காற்றை இழுக்கிறது. செல்ஃபி எடுக்க ஐந்து பேரும் முனைக்குப் போவார்கள், பின்பக்கம் தூக்கும், மோட்டார் அலறும், ஓட்டுபவர் எனக்குப் போன் போடுவார். ஆட்களைச் சரியாக உட்கார வைத்தும் அப்படியே இருந்தால் மோட்டார் மாட்டிய உயரத்தைப் பாருங்கள். ப்ரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிப்பாகத்துக்கு நேராகவோ ஓர் அங்குலத்துக்குள் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்று இழுக்கும்.

கியர் விழும்போது கடகடவென்று தட்டுகிறது, இல்லை விழுந்த கியர் தானாக வெளியே குதிக்கிறது என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மோட்டார் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு ஆள் ப்ரொப்பல்லரைச் சுற்ற, கேபிள் மாட்டியிருந்த கியர் கம்பியை நீங்கள் தள்ளிப் பாருங்கள். கையால் போட்டால் கியர் முழுசாக விழுகிறது, லீவரில் போட்டால் விழவில்லை என்றால் கேபிள் சரிசெய்தால் போதும்.

இன்ஜின் முனகுகிறது, சத்தமே ஏறவில்லை

வந்த புதிதில் நான் அவமானப்பட்டது இதில்தான். 9.9 குதிரைத்திறன் மோட்டார், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கீழே சோதித்து வாங்கியபோது அம்பாகப் பாய்ந்தது, இங்கே நாலு பேர் உட்கார்ந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழுகிறது என்றார் உரிமையாளர். பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், கம்ப்ரஷன் பார்த்தேன், மூன்று நாள் பிரித்துப் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. பிளக் மட்டும் ரெண்டு மணி நேரத்தில் மறுபடி கரி பிடித்தது.

அதே மாசம் என் அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாள். பாத்திரத்தில் வைத்த பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று அடுப்படியில் புலம்பினாள். அப்போதுதான் உறைத்தது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று கனம் குறைந்து, தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. பருப்புக்குச் சூடு போதவில்லை. மோட்டாருக்கும் அதே காற்றுதான்! உயரம் 300 மீட்டர் கூடினால் சக்தி சுமார் 3 சதவீதம் குறையும் என்பது கணக்கு. ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 9.9 என்று ஸ்டிக்கர் ஒட்டிய மோட்டார் இங்கே எட்டைக்கூடத் தொடாது. தண்ணீரோ காற்று மாதிரி உயரம் ஏற ஏறக் கனம் குறைவதில்லை. ப்ரொப்பல்லர் கேட்கும் உழைப்பு குறையவில்லை, இன்ஜினின் தெம்பு மட்டும் குறைந்துவிட்டது. அதனால்தான் முனகல்.

இதைப் பிரிக்காமலே உறுதி செய்யலாம். இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது (ஆர்.பி.எம்.) என்று காட்டும், பிளக் ஒயரில் சுற்றும் சின்ன டிஜிட்டல் டேக்கோமீட்டரை மாட்டி, வழக்கமான ஆட்களோடு முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டுங்கள். உங்கள் மோட்டாரின் கையேட்டில் முழு வேகத்தில் இருக்க வேண்டிய ஆர்.பி.எம். போட்டிருக்கும். அன்றைய மோட்டாருக்கு 5,000 முதல் 6,000. எனக்குக் கிடைத்தது 4,500. மருந்து ப்ரொப்பல்லரில் இருக்கிறது. அதன் மேல் ரெண்டு எண் பொறித்திருக்கும்: முதலாவது விட்டம், ரெண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்ற கணக்கு. பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். 9 இருந்த இடத்தில் 7 போட்டேன். 5,000 பக்கம் வந்தது, படகு எழும்பி ஓடியது. மலை ஏற்றத்தில் பஸ் டிரைவர் கியரைக் குறைப்பது மாதிரிதான்.

கரி பிடித்த பிளக்குக்குக் காரணம், காற்று குறைந்தும் கார்புரேட்டர் பழைய அளவில் பெட்ரோல் ஊற்றுவது. கம்பெனி சொல்லும் சின்ன மெயின் ஜெட், அதாவது பெட்ரோல் போகும் துளை சின்னதாக உள்ள திருகு, போட்டால் சரியாகும். ஃப்யூல் இன்ஜெக்ஷன் மோட்டார் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் போன சக்தியை அதுவும் திரும்பக் கொண்டுவராது. ஒரு எச்சரிக்கை: சின்ன ஜெட், குறைந்த பிட்ச்சோடு அந்த மோட்டாரைச் சமவெளிக்கு இறக்கி அப்படியே ஓட்டாதீர்கள். அங்கே கலவை வறண்டு, சுற்றும் எல்லை மீறும். பிஸ்டன் உருகிவிடும். பழைய ஜெட்டையும் ப்ரொப்பல்லரையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

உயரத்தின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிடவும் கூடாது. போன சீசனில் ஓடிய படகு இந்த சீசனில் முனகினால் மலை வளர்ந்துவிடவில்லை. மூடியைத் திறந்து, லீவரை முழுசாகத் தள்ளினால் கார்புரேட்டர் தட்டும் முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் நின்ற படகில் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். அடிப்பாகத்தில் பாசி படிந்திருந்தால் தேயுங்கள். படகின் ரெண்டு அடித்தட்டுக்கு நடுவே தண்ணீர் புகுந்து நூறு கிலோ கூடியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். கரையேற்றி வடிகால் அடைப்பானைக் கழற்றினால் தெரிந்துவிடும். ரெண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒரு பிளக் மட்டும் ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை.

ஓடுகிறது, அணைகிறது

பத்து நிமிஷம் ஓடி அணைந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனால் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பீர்கள். திறந்ததும் உஸ்ஸென்று உள்ளே காற்று இழுக்கும். குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பும் பேசும்: ஓடும்போது அது சப்பிப்போனால் டேங்க் பக்கம் அடைப்பு, நீங்கள் கையால் அமுக்க அமுக்க இன்ஜின் தெளிந்தால் ஃப்யூல் பம்ப் பலவீனம், இல்லை குழாயில் எங்கோ காற்று புகுகிறது. இன்ஜினிலிருந்து பீய்ச்சும் குளிர்நீர் தாரை நின்றுவிட்டால் உடனே அணையுங்கள். பாசி அடைத்திருக்கும், இல்லை பம்பின் ரப்பர் விசிறி போயிருக்கும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். பாதி காலியான டேங்க்கை மார்கழிப் பனியில் விட்டால் உள்சுவரில் வியர்க்கும். எத்தனால் அந்தத் தண்ணீரைக் குடித்துக்குடித்து, ஒரு கட்டத்தில் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். சந்தேகம் இருந்தால் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அசையாமல் வையுங்கள். ரெண்டு அடுக்காகத் தெரிந்தால் மொத்தத்தையும் இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல் நிரப்பி, இறுக்கி மூடி, குன்னூர் வழியாக ஏற்றிவரும் டேங்க் மேலே வந்து சேரும்போது வயிறு உப்பியிருக்கும், பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அப்படி. அதை அப்படியே மோட்டாரில் சொருகினால் அழுத்தம் பெட்ரோலைத் தள்ளி கார்புரேட்டர் வழிந்துவிடும். ஸ்டார்ட் ஆகாது, பெட்ரோல் நாறும். குழாயை மாட்டும் முன் படகுக்கு வெளியே, தரையில் வைத்து, முகத்தைத் தள்ளிக்கொண்டு காற்றுத் திருகை மெதுவாகத் திறங்கள். பக்கத்தில் பீடி பிடிப்பவர் யாராவது நின்றால் முதலில் அவரை அனுப்பிவிட்டு.