ஏணிக் கயிறும் பைல் கேப்பும்: ஸ்ட்ரட் அண்ட் டை முறையில் ஒரு முதல் கணக்கு

வெள்ளையடிக்க வருகிறவர்கள் இரண்டு ஏணிகளை உச்சியில் சேர்த்து, கீழே கால்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஆள் ஏறியதும் ஏணிக்கால்கள் அமுங்கும், விலகி ஓடப் பார்க்கும். கயிறு விறைத்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஸ்ட்ரட் அண்ட் டை முறையின் அடிப்படை இதுதான். அமுங்கும் கால் ஸ்ட்ரட், அந்த வேலை கான்கிரீட்டுக்கு. இழுபடும் கயிறு டை, அது கம்பி. இரண்டும் சந்திக்கும் இடம் நோடு.

வழக்கமான பீம் கணக்கு ஏன் போதாது? பீம் வளையும்போது அதன் குறுக்குவெட்டு தட்டையாகவே இருக்கும் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு. பளு ஓரிடத்தில் குவிந்து இறங்கும் இடத்திலும் தாங்கும் இடத்திலும், உறுப்பின் ஆழம் அளவு தூரத்துக்கு அது பொருந்தாது. பைல் கேப் (மண்ணில் ஆழமாக இறங்கும் பைல் தூண்களின் தலையைச் சேர்த்து மேல்தூணைத் தாங்கும் கான்கிரீட் கட்டி), கார்பெல் (தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைத் தாங்கி), ஆழமான பீம் போன்றவை முழுக்கவே அப்படிப்பட்ட இடங்கள். கான்கிரீட்டை டிரஸ்ஸாக, அதாவது முக்கோணச் சட்டமாகப் பார்க்கும் யோசனை 1899இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரிட்டர் சொன்னது. அதை எல்லா உறுப்புகளுக்கும் பொதுவான முறையாக 1987இல் வகுத்துக் கொடுத்தவர்கள் ஜெர்மனியின் ஷ்லைக் குழுவினர்.

சரி, ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம். இடம் மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதனால் தூணுக்குக் கீழே இரண்டு பைல்.

படி 1: அளவுகள்

தூண் 400க்கு 400 மி.மீ. பைல் விட்டம் 500, மையத்துக்கு மையம் 1500. கேப் நீளம் 2300, அகலம் 800, ஆழம் 900. கான்கிரீட் எம்30, கம்பி எஃப்இ 500 (எண்கள் வலிமையைச் சொல்பவை, நியூட்டன்/ச.மி.மீ. கணக்கில்). கேப்பின் சொந்த எடையும் 1.5 பாதுகாப்புக் காரணியும் சேர்த்து மொத்தப் பளு 1000 கிலோநியூட்டன். ஒரு பைலுக்கு 500.

படி 2: ஏணியை வரையுங்கள்

பென்சிலும் ஸ்கேலும் எடுத்து, அளவுக்கு வரையுங்கள். இதைத் தாண்டிக் குதிக்கவே குதிக்காதீர்கள். கம்பியின் மையம் அடியிலிருந்து 100 மி.மீ. மேலே. உச்சி நோடின் உயரம் 150 என்று எடுத்தால் அதன் மையம் மேலிருந்து 75 கீழே. ஆக ஏணியின் உயரம் 900 − 100 − 75 = 725. தூணின் பளுவை இரண்டு பாதியாகப் பிரித்தால், ஒவ்வொரு பாதியும் தூண் மையத்திலிருந்து 100 தள்ளி இறங்கும். பைல் மையம் வரை கிடைத்தூரம் 750 − 100 = 650.

725ஐ 650ஆல் வகுத்தால் கோணம் சுமார் 48 டிகிரி. நல்ல கோணம். அமெரிக்க விதி 25 டிகிரிக்குக் கீழே போக விடாது. என்னைக் கேட்டால் 40க்குக் கீழே வந்தாலே கேப்பை ஆழப்படுத்திவிடுவேன். ஏணியை அகல விரித்தால் கயிறு படும் பாடு உங்களுக்கே தெரியும்.

படி 3: விசைகள்

டை: 500 × 650 ÷ 725 = 448 கிலோநியூட்டன்.
ஸ்ட்ரட்: 500 ÷ சைன் 48 = சுமார் 672.

படி 4: கம்பி

கம்பி வலிமையில் 0.87 பங்கை மட்டும் எடுத்தால், 448000 ÷ (0.87 × 500) = 1030 ச.மி.மீ. 20 மி.மீ. கம்பி நான்கு போட்டால் 1257, 16 மி.மீ. ஆறு போட்டால் 1206. நான் 16தான் எடுப்பேன். காரணம் கடைசிப் படியில் வரும்.

படி 5: கான்கிரீட் தாங்குமா?

இங்கே யூரோகோடு, அதாவது ஐரோப்பியக் கட்டுமான விதிகளின் வரம்புகளை எடுத்துக்கொள்கிறேன். கவனம்: நம் எம்30 என்பது கன சதுர வலிமை. யூரோகோடு கேட்பது சிலிண்டர் வலிமை, அது 25. இதை மறந்து 30 என்றே போட்டால், இல்லாத வலிமையை நம்பி டிசைன் செய்ததாகிவிடும். 25ஐ வைத்தால் உச்சி நோடுக்கு 12.7, டை சேரும் கீழ் நோடுக்கு 10.8, ஸ்ட்ரட்டுக்கு 7.6 நியூட்டன்/ச.மி.மீ. வரை போகலாம்.

ஸ்ட்ரட் உச்சியில்தான் ஒடுங்கியிருக்கும். அகலம்: 200 × சைன் 48 + 150 × காஸ் 48 = சுமார் 249. அழுத்தம் 672000 ÷ (249 × 400) = 6.7. வரம்புக்குள் இருக்கிறது. தூணின் அடியில் 6.25, உச்சி நோடின் பக்கவாட்டில் 448000 ÷ (150 × 400) = 7.5. ஸ்ட்ரட்டின் பைல் பக்க முனையில் 3.3தான். எதுவும் கவலைப்படும்படி இல்லை. இதில் ஏதாவது மீறினால் நோடு உயரத்தைக் கூட்டி, படி 2லிருந்து மறுபடி போடுங்கள்.

ஸ்ட்ரட் நடுவில் பாட்டில் மாதிரி உப்பிப் பிளக்கப் பார்க்கும். அதற்கு ஸ்டிரப்பும் (சுற்றி வளைத்துக் கட்டும் கம்பி) பக்கவாட்டுக் கம்பியும் வேண்டும்.

படி 6: கம்பியின் முனை

முதல்முறை போடுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பீமில் தாங்கும் இடத்தை நோக்கிப் போகப் போக இழுவை குறையும். ஏணிக் கயிற்றில் அப்படிக் குறையாது. நடுவில் எவ்வளவோ அவ்வளவே காலடி முடிச்சிலும். நம் 448ம் பைலின் மேல் அப்படியே முழுசாக இருக்கிறது.

நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூல் ஐ.எஸ். 456 கணக்கில் 16 மி.மீ. கம்பி முழு வலிமையோடு பிடிக்க 725 மி.மீ. நீளம் வேண்டும். நாம் தேவைக்கு மேலேயே கம்பி போட்டதால் 620 போதும். பைலின் உள்விளிம்பிலிருந்து கேப்பின் முனை வரை 650, கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 75 போனால் 575. கொஞ்சம் குறைகிறது. கம்பியை மேல்நோக்கி எல் ஆக வளைத்தால் சரியாகிவிடும். 20 மி.மீ. எடுத்திருந்தால் 740க்கு மேல் தேடியிருக்க வேண்டும்.

ஒரு சைட்டில் கம்பிக் கூடை கட்டி முடித்து, கவர் பிளாக் வைத்து, மறுநாள் கான்கிரீட் என்ற நிலையில் போய்ப் பார்த்தேன். ஆறு கம்பியும் பைல் மையத்தைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் நேராக வெட்டி நின்றன. எண்ணிக்கை சரி, விட்டம் சரி, முடிச்சுதான் இல்லை. கான்கிரீட்டை நிறுத்தி, புதுக் கம்பியை வளைத்துக் கட்டச் சொன்னேன். கம்பி கட்டும் அண்ணனுக்கு வருத்தம்தான். தரையில் ஏணியை வரைந்து, கயிற்றின் முனையில் விரலை வைத்துக் காட்டினேன். அப்புறம் அவரே மற்ற கேப்புகளையும் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து என் வரைபடத்தில் கம்பி முனையின் எல் வளைவைத் தனியாகப் பெரிதாக வரைந்து, நீளத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.