பழைய கன்வெர்ட்டிபிள் கார விக்கிறது எப்படி? முதல்தடவ விக்கிறவங்களுக்கு

பிஎம்டபிள்யூ இசட்4, மினி கூப்பர் கன்வெர்ட்டிபிள், மெர்சிடிஸ் எஸ்எல்கே மாதிரி ரூஃப் தெறந்து மூடுற கார விக்கிறது ஸ்விஃப்ட் விக்கிற மாதிரி கிடையாது. வாங்குற ஆளுங்க ரொம்ப கம்மி, அதனால டைம் எடுக்கும். ஆனா வர்றவங்க ரூஃபுக்காகத்தான் வர்றாங்க, அவங்க பயமும் அதே ரூஃப் மேலதான். அந்த பயத்த நீங்க போக்கிட்டா பாதி வியாபாரம் முடிஞ்சுது.

மொதல்ல ரூஃப். சென்னை வெயில்ல ரூஃப் ஓரத்துல தண்ணி புகாம இருக்கிற ரப்பர் பீடிங் காஞ்சு வெடிக்கும், மரத்தடியில நிறுத்துற காரா இருந்தா தண்ணி வடியுற ட்ரெயின் ஓட்டையில இலை அடைச்சு மழைத்தண்ணி உள்ள எறங்கும். ஓட்டைய க்ளீன் பண்ணுங்க, பீடிங்குக்கு சிலிக்கோன் க்ரீஸ் லேசா தடவுங்க, துணி ரூஃபா இருந்தா பிரஷர் வாஷ கிட்ட கொண்டு போகவே கூடாது, தையல் விட்டுடும். அப்புறம் ஓஸ் பைப்ல பத்து நிமிஷம் தண்ணி அடிச்சுட்டு சீட்டுக்கு அடியில கார்ப்பெட்ட கையால அமுக்கிப் பாருங்க, ஈரம் தெரிஞ்சா சரி பண்ணிட்டுதான் விளம்பரமே போடணும். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சென்னை வண்டின்னாலே கார்ப்பெட்ட தூக்கிப் பாக்குறாங்க, நியாயமான பயம்தான்.

ரூஃப் மூடி, தெறந்து, திரும்ப மூடுற வரைக்கும் கட் பண்ணாம ஒரே வீடியோவா எடுங்க, மோட்டார் சத்தமும் கேக்கணும். இன்ஜின ஓட விட்டே பண்ணுங்க, பேட்டரி வீக்கா இருந்தா பாதியில நின்னுடும். 2009ல வந்த ஹார்ட் டாப் (துணி இல்லாத கெட்டி ரூஃப்) இசட்4ல ரூஃப் டிக்கிக்குள்ளதான் மடங்கும், அங்க இருக்கிற தடுப்ப எறக்கி மாட்டலன்னா ரூஃப் அசையாது. இது தெரியாம பார்ட்டி பட்டன அமுக்கிட்டு ரூஃப் ரிப்பேர்னு கெளம்பிடுவாங்க, அதனால வர்றதுக்கு முன்னாடியே டிக்கிய காலி பண்ணி தடுப்ப மாட்டி வைங்க.

விலை வைக்கும்போது ஆன்லைன்ல போட்டிருக்கிறது கேக்குற விலைதான், வித்த விலை இல்லன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. டயர் எந்த வருஷம், சர்வீஸ் பில் முழுசா இருக்கா, ரெண்டு சாவியும் இருக்கா, இதெல்லாம்தான் பேரத்துல நிக்கும். அவசரம் இல்லன்னா சொகுசு கார் டீலர்கிட்ட பார்க் அண்ட் செல்ல விடலாம், அதாவது வண்டிய அவர்கிட்ட நிறுத்தினா அவர் கமிஷனுக்கு வித்துக் குடுப்பார், கமிஷன் எவ்வளவு, வண்டிய யார் ஓட்டலாம்னு எழுதி வாங்கிக்கோங்க. என்னைக் கேட்டா பொங்கலுக்கு அப்புறம் விளம்பரம் போடுறது நல்லது, மழை முடிஞ்சு ரூஃப தெறந்து ஓட்டிக் காட்ட ஏத்த நேரம்.

டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸ் பாத்துட்டு நீங்களும் பக்கத்துல ஒக்காருங்க.

பேப்பர் வேலையில அசால்ட்டா இருக்காதீங்க. லோன் முடிஞ்சிருந்தாலும் ஆர்சில பேங்க் பேர் நிக்கும், பேங்க் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லன்னு தர்ற லெட்டர்) ஃபார்ம் 35ம் ஆர்டிஓல குடுத்து அந்த ஹைப்போதிகேஷன (கடன் பதிவு) மொதல்லயே எடுத்துடுங்க. பழைய சலான் இருந்தா கட்டுங்க. பேர் மாத்த ஃபார்ம் 29, 30. பெங்களூரு, கொச்சி பார்ட்டின்னா ஃபார்ம் 28ல ஆர்டிஓ என்ஓசியும் வேணும், அந்த ஊர் ரோடு டாக்ஸ் வாங்குறவர் தலையிலன்னு பேசும்போதே சொல்லிடுங்க. பணம் பேங்க் மூலமாத்தான், ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்குறது வருமான வரிச் சட்டப்படி தப்பு. ஸ்க்ரீன்ஷாட்ட நம்பாதீங்க, உங்க அக்கவுண்ட்ல பணம் ஏறினத நீங்களே பாத்துட்டு சாவிய குடுங்க.

குடுக்குற அன்னிக்கு டெலிவரி நோட்ல தேதி மட்டும் இல்ல, மணியும் கிலோமீட்டரும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அன்னிக்கு சாயங்காலமே ஈசிஆர் கேமரால ஸ்பீடு சலான் விழுந்தா உங்க பேருக்குத்தான் வரும், அப்போ காட்ட அந்த பேப்பர்தான் இருக்கும். ஆர்சில யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர், ஆக்சிடென்ட் நஷ்ட ஈடும் அவங்க மேலதான் வரும்னு சுப்ரீம் கோர்ட்டே 2018ல சொல்லிடுச்சு. அதனால வித்து 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு நீங்களே தகவல் குடுங்க, வாங்குறவர மட்டும் நம்பி விட்டுடாதீங்க. ஃபாஸ்டேக க்ளோஸ் பண்ணுங்க. இன்சூரன்ஸ் வண்டியோட போகும், ஆனா நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் பண்ணாததுக்கு தர்ற தள்ளுபடி) உங்களோடது, கம்பெனில லெட்டர் வாங்கி வச்சா அடுத்த காருக்கு ஒதவும், சொகுசு கார் பிரீமியத்துல ஓன் டேமேஜ் (வண்டி சேதத்துக்கான) பகுதில 50% வரைக்கும் போனஸ்னா நல்ல தொகை. போக்குவரத்துத் துறையோட பரிவாகன் சைட்ல வண்டி நம்பர போட்டு பேர் மாறிடுச்சான்னு பாத்துட்டே இருங்க, மாறுற வரைக்கும் பேப்பர் எதையும் தூக்கிப் போடாதீங்க.