குழந்தையின் தலைக்குள் ஒளி போகும் வழி: கணினியில் கணக்கிடுவது எப்படி?

பச்சிளங்குழந்தையின் மூளையில் ரத்தம் ஓடுவதைத் தொட்டிலருகிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைத் தலையில் செலுத்தி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெளிவருவதை அளக்கிறார்கள். அது எந்த வழியாக வந்தது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

பைத்தான் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஒவ்வொன்றாகத் தற்செயல் எண்களால் நகர்த்திக் கணக்கிடுவது மான்டி கார்லோ முறை. அதற்கான பிஎம்சிஎக்ஸ் (pmcx) தொகுப்பை நிறுவுங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் பிஎம்சிஎக்ஸ்சிஎல் (pmcxcl). நிர்ஃபாஸ்ட் (NIRFAST) என்ற மற்றொரு மென்பொருள் வேகமானதுதான், ஆனால் அது, ஒளி பலமுறை சிதறிப் பரவுகிறது என்று எடுத்துக்கொள்ளும் பரவல் சமன்பாட்டை நம்பியது. மூளையைச் சுற்றியிருக்கும் தெளிந்த திரவத்தில் ஒளி அதிகம் சிதறாது, அங்கே அந்தச் சமன்பாடு காலை வாரிவிடும். புதியவர்கள் மான்டி கார்லோவிலேயே தொடங்குங்கள்.

1. தலை. பெரியவர் தலையைச் சுருக்கிப் போடாதீர்கள். 29 முதல் 44 வாரம் வரையிலான (கர்ப்பகாலத்தையும் சேர்த்து எண்ணிய வயது) குழந்தைகளுக்கென்றே லண்டன் யுசிஎல் குழுவின் மாதிரி இருக்கிறது. தலையைச் சிறு கனசதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அங்குள்ள திசுவுக்கான எண்ணைப் போடுங்கள்: ஒவ்வொரு திசுவுக்கும் ஓர் எண், காற்றுக்கு 0.

2. பண்புகள். ஒவ்வொரு திசுவுக்கும் நான்கு எண்கள்: உட்கவர்தல், சிதறல் (இரண்டும் ஒரு மி.மீ.க்கு), ஜி (சிதறும் ஒளி எவ்வளவு முன்னோக்கியே போகிறது என்பதைச் சொல்லும் எண்), ஒளிவிலகல் எண்.

நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். கட்டுரைகள் பெரும்பாலும் தருவது குறைக்கப்பட்ட சிதறல், அதாவது சிதறலை (1 − ஜி) ஆல் பெருக்கி வருவது. ஒரு கட்டுரையில் அது 1 என்று இருந்தது; அந்த 1-ஐச் சிதறல் இடத்தில் அப்படியே எழுதி, பக்கத்தில் ஜி 0.9 என்று போட்டேன். மென்பொருள் மறுபடியும் குறைத்து 0.1 ஆக்கிக்கொண்டது. எந்தப் பிழைச்செய்தியும் இல்லை. ஒளி மூளைக்குள் ஆழமாகப் பாய்ந்த படம் அழகாக இருந்ததால் நம்பிவிட்டேன். உட்கவர்தல் 0.01 என்றால் ஒளி தேயும் தூரம் சுமார் 6 மி.மீ. வர வேண்டும், எனக்கு 17 வந்தது. சிதறல் 10, ஜி 0.9 என்று எழுதுங்கள். இல்லையேல் சிதறல் 1, ஜி 0.

தலைக்குப் போகுமுன், இதே பண்புகள் கொண்ட 100 மி.மீ. கனசதுரத்தின் நடுவில், எல்லாத் திசையும் பரவும் ஒளிமூலம் வைத்துப் பாருங்கள். ஒளிச்செறிவைத் தூரத்தால் பெருக்கி இயல் மடக்கை எடுத்தால், கோடு மி.மீ.க்கு 0.17 வீதம் இறங்க வேண்டும்.

3. ஓட்டம். ஒளிமூலத்தின் திசையைக் காட்டும் திசையன் (வெக்டர்) தலைக்குள் நோக்கியிருக்கட்டும், அதன் நீளம் 1 ஆகட்டும். சோதனைக்குப் பத்து லட்சம் ஃபோட்டான், பிறகு பத்து கோடி.

சேர்க்கை: அரை மில்லிமீட்டர் கட்டங்களில் விடை மாறுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கட்ட அளவை 0.5 என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒளிமூலத்தின் இடம் கட்ட எண்ணிக்கையில், திசுப் பண்புகள் எப்போதும் மி.மீ. கணக்கில்.