எம்.டெக். குறிக்கோளை எழுதும் முன் ஒரு கோளாறை எழுதுங்கள்

அப்பா பொள்ளாச்சிப் பக்கம் மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருந்தார். கோடையில் வாசலெல்லாம் எரிந்த மோட்டார்கள் கிடக்கும். "ஏனுங்க, போன மாசந்தானே கட்டிக் கொடுத்தீங்க, மறுக்காவும் புகைஞ்சு போச்சுங்க" என்று தோட்டக்காரர்கள் வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடப் பையோடு அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். ஆனால் எம்.டெக். என்ற பொறியியல் மேற்படிப்புக்கு, ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு கொடுக்கும் குறிக்கோளை எழுத உட்கார்ந்த அன்று இதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "பவர் எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம், நாட்டின் வளர்ச்சியில் பங்கு" என்று ஒரு பக்கம் நிரப்பினேன். பெயரை மட்டும் மாற்றினால் யாரும் கொடுக்கலாம் அந்தத் தாளை.

அதனால் துறையின் பெயரை முதலில் எழுதாதீர்கள். உங்கள் கையில் சுட்ட ஒரு கோளாறை எழுதுங்கள். நான் இரண்டாவது முறை எழுதியது இது: லைன் கடைசியில் இருக்கும் கிணற்றில் 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 320தான் வருகிறது. பம்பின் சுமை பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விழுகிறது. ஈடுகட்ட அது கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது, கம்பி மேலிருக்கும் எனாமல் என்ற காப்புப் பூச்சு கருகுகிறது.

இதன் கீழே ஒரு கோடு போட்டு, "இதில் எனக்கு எது தெரியாது?" என்று எழுதினேன். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் மூன்று வருடம் பேனல் (மோட்டாரை இயக்கும் மின்பெட்டி) சர்வீஸ் பார்த்தவள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரைவ் நின்றுபோனால் போர்டை மாற்றத் தெரியும், போர்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாதவற்றின் பட்டியல்தான் நீங்கள் படிக்க வேண்டிய பாடங்கள். எனக்குக் கன்வெர்ட்டர் (மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுற்று) வடிவமைப்பு, மோட்டார் கட்டுப்பாடு, வெப்பக் கணக்கு என்று மூன்று வந்தன. பட்டியலே வரவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் வேலையில் இருங்கள். அதில் தப்பே இல்லை.

பிறகுதான் எந்தப் பட்டம் என்ற கேள்வி. எம்.டெக்.கில் பொதுவாக முதல் வருடம் பாடம், இரண்டாம் வருடம் ப்ராஜெக்ட். ஐ.ஐ.டி.களில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். என்று ஒன்று உண்டு. பாடம் குறைவு, ஆய்வேடுதான் உயிர். எனக்கு அடிப்படையே ஆட்டம் கண்டிருந்ததால் எம்.டெக். எடுத்தேன்.

எம்.டெக். சேர எழுதும் தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வு 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறனுக்கு, அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். அதனால் "எப்போதாவது சேர்வேன்" என்று எழுதாமல், எந்த வருடம் எழுதி எந்த வருடம் சேர்வீர்கள் என்று குறியுங்கள்.

பணத்தையும் குறிக்கோளில் எழுதுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். கேட் வழியாக முழுநேரம் சேர்ந்தால் உதவித்தொகை உண்டு. நான் சேர்ந்தபோது மாதம் 12,400 ரூபாய், 24 மாதம். என் சம்பளம் 22,000. வித்தியாசம் இரண்டு வருடத்தில் 2,30,400 ரூபாய். தம்பி அப்போது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தான். அம்மாவோடு உட்கார்ந்து அவன் ஃபீஸைத் தனியே எடுத்துவைத்த பிறகுதான் வேலையை விட்டேன். அந்த ஒரு மாலை இல்லாமல் போயிருந்தால் முதல் செமஸ்டரோடு திரும்பி வந்திருப்பேன்.

கடைசியில் எல்லாவற்றையும் சரிபார்க்கக்கூடிய ஒரே வாக்கியமாக்குங்கள். என்னுடையது: "320 வோல்ட்டிலும் 5 எச்.பி. மோட்டார் எரியாமல் ஓட ஒரு கட்டுப்பாட்டுச் சாதனத்தை இரண்டு வருடத்தில் வடிவமைத்து, ஒரு கிணற்றிலாவது ஓட்டிக் காட்டுவேன்."

அனுப்பும் முன், அந்தக் கோளாறைக் கையால் தொட்ட ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் அப்பாவிடம் வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மூணு பேஸ்ல ஓடற மோட்டாரை, ரெண்டு பேஸ் வந்தாலும் கண்டென்சர் போட்டு ஓட்டறாங்களே, பாதி மோட்டார் அதுலதான் போகுது. அதையும் சேர்த்துக்க கண்ணு" என்றார். சேர்த்தேன். நேர்காணலில் அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள்.