லெவிட்டுக்கு மேலங்கி தைப்பதற்கு முன்: விண்ணியல் நாயகியைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனால் ஔவையாரையும் முருகனையும் பாரதியாரையும் மேடையில் பார்த்துவிடலாம். அந்த வரிசையில் ஒரு விண்ணியல் அறிஞரும், அதுவும் சூப்பர் ஹீரோ உடையில், மேடையேற வேண்டும் என்று விரும்புகிறவள் நான். பிள்ளைகளுக்கு மேலங்கியும் முகமூடியும் பிடிக்கும். பிடித்த ஒன்றைக் காட்டிப் புதிய ஒன்றைக் கற்றுக்கொடுப்பது நல்ல வழிதான். ஆனால் உடைக்குள் யாரை நிறுத்துகிறோம், அவரைப் பற்றி என்ன சொல்கிறோம் என்பதில் கவனம் தவறினால், விழா முடிந்த மறுநாள் பிள்ளைக்கு மேலங்கி மட்டும்தான் நினைவில் இருக்கும்.

தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளுக்காக நான் தேர்ந்தெடுப்பவர் ஹென்றியேட்டா ஸ்வான் லெவிட். 1868-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார், 1921-இல் மறைந்தார். ஹார்வர்டு வானாய்வகத்தில், வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகளில் பதிந்த விண்மீன்களை ஆராய்வது அவர் வேலை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த விண்மீன்கள் நம் தெற்கு வானத்தில் இருக்கின்றன. இங்கே அவரைத் தேர்ந்தெடுக்க அதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அவருக்கு இல்லாத ஆற்றலைக் கொடுப்பது. விண்மீனுக்குப் பறந்து போகிறார், கையிலிருந்து ஒளிக்கதிர் பாய்ச்சுகிறார் என்று எழுதிவிட்டால் அவர் லெவிட்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் அந்த உடை பொருந்தும். அவருடைய உண்மையான ஆற்றல், மாறியதைக் கண்டுபிடிப்பது. ஓர் இரவில் எடுத்த தகட்டில் விண்மீன்கள் கரும்புள்ளிகளாக இருக்கும். வேறோர் இரவின் தகட்டை வெண்புள்ளிகளாக மாற்றி அதன்மேல் பொருத்தினால், மாறாத விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். ஒளி கூடியதோ குறைந்ததோ மட்டும் கண்ணில் படும். இப்படி ஒளிமாறும் விண்மீன்களை அவர் 2,400-க்கும் மேல் கண்டுபிடித்தார். இதைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். புள்ளிகள் அச்சிட்ட இரண்டு ஒளிபுகும் தாள்களைக் கொடுத்து, ஒன்றில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் சற்றுப் பெரிதாக்கி வையுங்கள். அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், பறக்கும் காட்சி தேவையில்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

நாயகி இருந்தால் எதிரியும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த இடத்தில் பலர் வானாய்வக இயக்குநர் எட்வர்டு பிக்கரிங்கை நிறுத்துவார்கள். வேண்டாம். அசல் எதிரி வானத்திலேயே இருக்கிறது: விண்மீனின் ஒளி நம்மை ஏமாற்றுகிறது. இதை விளக்க இரண்டு டார்ச் விளக்குகள் போதும். இரண்டும் ஒரே வகையாக இருந்தால், இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதிலிருந்து நமக்குக் கால் பங்கு ஒளிதான் வரும். அடுத்து, தூரத்தில் பெரிய விளக்கையும் அருகில் சிறிய விளக்கையும் வைத்து அறையை இருட்டாக்குங்கள். எது அருகில், எது தூரத்தில் என்று பிள்ளைகளால் சொல்ல முடியாது. விண்ணியலாளர்களுக்கும் இதே சிக்கல்தான்.

லெவிட் அதை அவிழ்த்த விதம் அழகானது. தெற்கு வானில் மேகம்போல் தெரியும் சிறிய மெகல்லன் மேகம் உண்மையில் ஒரு விண்மீன் மண்டலம். அதில் உள்ள விண்மீன்கள் எல்லாம் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஆகவே அங்கே அதிக ஒளியோடு தெரிவது உண்மையிலேயே அதிக ஒளி உடையதுதான். அந்த மேகத்தின் 25 விண்மீன்களை வரிசைப்படுத்தி 1912-இல் அவர் காட்டியது இது: ஒளி கூடிக் குறைந்து மீண்டும் கூடுவதற்கு எந்த விண்மீன் அதிக நாள் எடுத்துக்கொள்கிறதோ, அதன் உண்மையான ஒளியும் அதிகம். இனி இந்த வகை விண்மீனை எங்கே பார்த்தாலும் அது எடுத்துக்கொள்ளும் நாள்களை எண்ணலாம். அந்த நாள்களின் எண்ணிக்கையிலிருந்து உண்மையான ஒளியை அறியலாம். நமக்குத் தெரியும் ஒளியோடு அதை ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். புரியாது என்று நாமே முடிவுசெய்து இந்தப் பகுதியை விட்டுவிடுவது, என் கணிப்பில், பறக்கவைப்பதற்கு அடுத்த பெரிய தவறு.

பிக்கரிங் விஷயத்துக்கு வருகிறேன். அநீதி இருந்தது, அதை மூடிமறைப்பதும் தவறுதான். 1893-இல் லெவிட் சம்பளமில்லாமல் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மணிக்கு 30 சென்ட் கிடைத்தது. தொலைநோக்கியை இயக்கும் வேலை அங்கே ஆண்களுக்கு. தகடுகளை அளந்து கணக்கிடும் வேலை பெண்களுக்கு. 1912-இன் அந்த அறிக்கைகூடப் பிக்கரிங் பெயரில்தான் வெளியானது. ஆனால் அதைத் தயாரித்தவர் லெவிட் என்று அதன் முதல் வரியே சொல்கிறது. பெண்களுக்கு விண்ணியலில் வேலையே அரிதாக இருந்த காலத்தில் பலரைப் பணியில் அமர்த்தியவரும் அதே பிக்கரிங்தான். இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்லலாம். நம் பிள்ளைகளுக்கு அது கடினமான பாடமல்ல. நிறம் பார்த்து வேலை கொடுத்த காலத்தை வாழ்ந்து கடந்த தாத்தாவும் ஆயாவும் இந்த நாட்டில் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். "உங்களை எந்த வேலைக்கு விடவில்லை?" என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பதில்களோடு வரும் பிள்ளைகளிடம் லெவிட்டைப் பற்றி அதிகம் விளக்கவே வேண்டியிருக்காது.

நாளடைவில் லெவிட்டுக்குச் செவிப்புலன் குறைந்தது. "காது கேட்காததால்தான் கண் கூர்மையானது" என்று கதை கட்டாதீர்கள். அவர் கற்றவர், பயின்றவர், உழைத்தவர்; திறமை அதிலிருந்து வந்தது. காதுக்கருவி அணிந்த பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருக்கலாம். அதனிடம் மாய ஆற்றலை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நோபல் பரிசை அவருக்கு மறுத்துவிட்டார்கள் என்று சொல்வதும் பிழை. சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர் 1925-இல் அவரைப் பரிந்துரைக்க விரும்பி எழுதினார். லெவிட் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். இறந்தவரை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைக்க முடியாது.

தனியாளாக உலகை மாற்றினார் என்ற வசனத்தையும் விட்டுவிடலாம். அந்தத் தகடுகள் பெரு நாட்டின் அரெகிபாவில் வேறு சிலர் இரவெல்லாம் விழித்து எடுத்தவை. வில்லியமினா ஃபிளெமிங், ஆன்னி ஜம்ப் கேனன் போன்றவர்களும் அதே ஹார்வர்டில் பணிபுரிந்தவர்கள். லெவிட்டின் விதியைக் கையில் எடுத்துக்கொண்டு 1920-களில் விண்ணியலாளர் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் நம் பால்வழிக்கு வெளியே இருப்பதை நிறுவினார். நாடகம் போடுகிறவர்களுக்கு இது வசதியும்கூட: ஒரு நாயகிக்குப் பதிலாகப் பத்துப் பேருக்கு வேடம் கிடைக்கும், ஆண் பிள்ளைகள் உட்பட. லெவிட்டைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான முன்னுதாரணமாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, வானத்தைத் தலைகீழாக வரையும் தவறு. வடக்கு நாடுகளில் அச்சான படங்களை அப்படியே எடுத்து மேடைத் திரையில் ஒட்டுகிறோம். துருவன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் துருவ நட்சத்திரத்தை நடுவில் வைக்கக் கை போகும். டர்பனிலிருந்து அது தெரியாது. நிலவின் முகமும் ஓரியன் விண்மீன் கூட்டமும் அந்தப் படங்களில் இருப்பதற்கு நேர்மாறாக நம் வானில் நிற்கும். காவடி எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களைக் காட்ட வேண்டுமானால் கோடைக்கால மாலையில் வடக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

லெவிட்டின் மேகத்துக்குத் தெற்கே பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் வானில் அது உதிப்பதே இல்லை. அவர் அதைத் தகடுகளில்தான் ஆராய்ந்தார். டர்பனிலோ அது ஒருபோதும் மறைவதில்லை. ஹார்வர்டு தன் தெற்கு வானாய்வகத்தைப் பெருவிலிருந்து நம் நாட்டின் புளூம்ஃபோன்டைனுக்கு அருகில் மாற்றியது 1927-இல், அவர் மறைந்த பிறகு. இதையெல்லாம் கேட்கும் பிள்ளை உடனே பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கும். அதற்குத் தயாராக இருங்கள். தீபாவளியை ஒட்டிய இரவுகள் நல்லவை: நிலவு இராது, லெவிட்டின் மேகமும் மாலையில் தெற்கே உயரத்தில் இருக்கும். நகர வெளிச்சத்தில் தெரியாது என்பதால் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரம் போன்ற இருண்ட இடத்துக்குப் போக வேண்டும். நவம்பர் மழையால் முதல் முயற்சி வீணாகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியப்போவது படங்களில் பார்த்த வண்ணக் கோலமல்ல, மங்கலான சிறிய வெண்திட்டு என்பதையும் சொல்லுங்கள். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தொலைநோக்கி தேவையில்லை. கைப்பேசிகளை வண்டியிலேயே வைத்துவிட்டு, டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புத் தாள் ஒட்டி, கண்கள் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது கொடுங்கள்.